பன்னிரண்டு நாற்பது ஆக்லாந்து வண்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

இருபத்தாறு வருஷமாகத் தாராபுரம் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளனாக உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் யாருடைய கைக்கடிகாரம் நின்றுபோனாலும் என்னைக் கேட்டுத்தான் திருப்பி வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட நாச்சிமுத்து, சொந்தப் பெண்டாட்டி ஏற வேண்டிய விமானத்தைத் தவறவிட்டான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்றால் மன்னித்துவிடலாம். அந்த விமானம் சிங்கப்பூரில் இறங்கி, கூட்டிப் பெருக்கி முடித்த பிறகும் நாங்கள் இங்கே இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியா வெங்காயச் சட்னியா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

காலை ஏழரைக்கு ஓசூரிலிருந்து மகள் நிவேதா போன் செய்தாள்.

"அப்பா, அம்மா சிங்கப்பூர் போய்ச் சேந்துட்டாங்களா?"

"அம்மா அடுப்படியில இருக்குது கண்ணு."

"வெளையாடாதீங்கப்பா."

"நான் எதுக்கு வெளையாடறேன்? இன்னைக்கு ராத்திரிதான வண்டி?"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. டம்ளராக இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம்.

"அப்பா! நாலாந்தேதி பன்னெண்டு நாப்பதுன்னா நேத்து ராத்திரி!"

என் தரப்பு நியாயத்தை இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். எங்கள் ரெஜிஸ்டரில் ஒரு நாள் என்பது முதல் வண்டியோடு பிறந்து கடைசி வண்டியோடு சாகும். நாலாந்தேதி டியூட்டியில் ராத்திரி பன்னிரண்டு நாற்பதுக்குப் பழனி வண்டி கிளம்பினால் அது நாலாந்தேதி வண்டி. நடுராத்திரியில் எவனோ தேதியைக் கிழிக்கிறான் என்பதற்காக டிரைவரும் கண்டக்டரும் புது நாளுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. விமானத்துக்காரர்கள் இந்தப் பழக்கம் இல்லாதவர்களாக இருப்பார்கள் என்று நான் கண்டேனா?

கலாமணி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சொன்னேன். "அப்பிடிங்களா" என்றாள். உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள். வேறொருத்தி என்றால் என் தலையில் கரண்டி பறந்திருக்கும். மலை மாதிரி நிதானம். அதனால்தான் மூன்று கிலோ இரும்புக் குண்டை அவளால் அப்படி எறிய முடிகிறது.

இதை எழுத மறந்துவிட்டேனே. கலாமணி அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது ஐம்பத்தொன்று. நியூசிலாந்தில் ஆக்லாந்து என்ற ஊரில் மூத்தோர் தடகளப் போட்டி. ஐம்பது தாண்டிய பெண்கள் குண்டு எறிதலில் தமிழ்நாட்டிலிருந்து இவள் ஒருத்திதான். வரும் சனிக்கிழமை எறிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு நம்பர் வாங்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

மாலை

இவளுடைய அண்ணன் சென்னியப்பன், தேங்காய் மண்டிக்காரர், கோயமுத்தூர் ஏர்போர்ட் கூட்டிப்போக வேனோடு வந்துவிட்டார். விஷயம் கேட்டுச் சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, நானே தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஊருக்கெல்லாம் மணி சொல்றீங்கொ. ஊட்டுக்காரிக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னு ஏதாச்சும் வேண்டுதலுங்களா மாப்ள?"

"மச்சான், வெந்த புண்ணுல…"

"நான் வேலப் பாச்சுல. வேனுதான் கொண்டாந்தேன்."

நிவேதா எங்கெங்கோ பேசி வேறு டிக்கெட் பிடித்துவிட்டாள். நாளை இரவு பதினொன்று ஐம்பதுக்குச் சென்னையிலிருந்து கோலாலம்பூர். அங்கே பதினாலு மணி நேரம் காத்திருந்து ஆக்லாந்து. வெள்ளிக்கிழமை அவர்கள் கடிகாரத்தில் பகல் பதினொன்று ஐம்பதுக்கு இறங்கலாம். கையெழுத்துக்கு ஐந்து மணி நேரம் கையில் இருக்கும். இதற்கு என்ன செலவு என்பதை எழுதப் போவதில்லை. நோட்டுப் புத்தகத்துக்கும் நெஞ்சுவலி வரும்.

"போவுதுங்க விடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள் கலாமணி.

எனக்காகத்தான் சொல்கிறாள். என் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்? "நான் செஞ்ச தப்பு. நான்தான் உன்னையக் கொண்டுபோய் ஏத்தோணும்" என்று சத்தியம் செய்தேன். அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். ஏற்கெனவே எடுத்து மடித்தாகிவிட்டது. வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிப்ரவரி 5, புதன்

காலை ஆறு மணிக்கே டியூட்டி அறைக்குப் போனேன். ஈரோடு, பழனி, கரூர் என்று வண்டி நேரம் எழுதும் கரும்பலகையில் கடைசி வரியில் எழுதினேன்:

ஆக்லாந்து. 11,426 கி.மீ. கலாமணி டீச்சர். புறப்பாடு:

இது கோயமுத்தூரிலிருந்து நேர்க்கோட்டுத் தூரம். இரண்டு வாரமாக மனப்பாடம் செய்தது. பழனிக்கு ஒரு சிங்கிள், அதாவது ஒருவழி ஓட்டம், முப்பத்துநாலு கிலோமீட்டர் என்று வைத்தால் முந்நூற்று முப்பத்தாறு சிங்கிள். எங்கள் டிரைவர் ஒருவர் தினம் ஆறு சிங்கிள் ஓட்டினால், வார லீவு போடாமல், இரண்டு மாசத்தில் கலாமணியைக் கொண்டுபோய் இறக்குவார். கடல் ஒன்றுதான் இடைஞ்சல்.

புறப்படும் நேரத்தை எழுதவில்லை. கை வரவில்லை. நேரம் எழுதும் தகுதியை நான் நேற்றுக் காலை ஏழரைக்கு இழந்துவிட்டேன் அல்லவா.

ஏழரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் சாவி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போன கலாமணி அந்த வழியாக வந்தாள். பலகையைப் பார்த்து நின்றாள். பஸ்ஸுக்கு நின்ற அவள் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடி வந்து, "மிஸ், உங்க பேரு மிஸ்! பழனிக்கிக் கீழ மிஸ்!" என்று குதித்தார்கள்.

"ஏனுங்க இது?"

"வண்டி கெளம்புதுன்னா போர்டுல போடாம எப்பிடி அம்மிணி?"

"கெளம்பலைன்னா?"

"போர்டுல போட்ட வண்டிய இந்த நாச்சிமுத்து என்னைக்காச்சும் கேன்சல் பண்ணியிருக்கிறனா?"

பண்ணியிருக்கிறேன், மாசம் நாலு தடவை. ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது?

பிள்ளைகளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாக்பீஸை என் கையிலிருந்து பிடுங்கி, "புறப்பாடு" என்பதற்குப் பக்கத்தில் தானே எழுதினாள்: இரவு 11.50. அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. குண்டு எறிகிற கை.

சென்னை, இரவு

ஈரோடு வரை மச்சான் வேன், அங்கிருந்து ரயில். விமான நிலையத்தில் வாசலோடு நம்மை நிறுத்திவிடுகிறார்கள். கோயில் மாதிரிதான், கருவறைக்குள் சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்.

வாசலில் கலாமணி என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் பொது இடத்தில் இது முதல் தடவை. விரலெல்லாம் ஐஸ் மாதிரி இருந்தது. ஏசிக்குளிர் என்று நினைத்தேன். நாங்கள் நின்ற இடத்தில் ஏசி இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"ஏனுங்க, அங்க எறங்குனா எந்தப் பக்கம் போறதுன்னு எழுதியிருக்குமுங்களா?"

"நம்ம பஸ் ஸ்டாண்டுல கக்கூசுக்கே அம்புக்குறி போட்டிருக்குது. அங்க போடாம இருப்பானா?"

"அவிய பேசற இங்கிலீசு புரியாட்டி?"

"நீ விசிலெடுத்து ஊது. அவனுக்குப் புரியும்."

சிரித்துவிட்டாள். அந்தச் சந்தடியில், அம்மன் கோயிலில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தை அவள் கைப்பைக்குள் நைசாகப் போட்டேன். கண் படும் அல்லவா? தாராபுரத்திலேயே ஆக்லாந்து போகும் முதல் பெண்மணி.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கவுண்டர்ப் பெண் பெரிய பையைக் காட்டி ஏதோ கேட்டாள். உள்ளே இரும்புக் குண்டு. கலாமணிக்கு வார்த்தை அகப்படவில்லை போலிருக்கிறது. இரண்டடி பின்னால் போய், முழங்காலை மடக்கி, கழுத்தோரம் கையை வைத்து, சுழன்று, எறிந்து காட்டினாள். வரிசையில் நின்ற ஒரு குடும்பமே தலையைக் குனிந்தது. கவுண்டர்ப் பெண் எழுந்து நின்று கை தட்டினாள். பக்கத்தில் நின்ற ஆளிடம், "என்ற ஊட்டுக்காரி" என்றேன். கேட்காமலேயே சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எனக்கும் ஆக்லாந்துக்கும் நடுவே ஏழரை மணி நேர வித்தியாசம். ஏழரை! இதற்கு மேல் ஜோசியர் எதற்கு?

காலை கோலாலம்பூரிலிருந்து பேசினாள். "அம்பு போட்டிருக்குதுங்க" என்றாள். அம்பு போட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. பிறகு, "ஒரு கேரளத்தம்மா பக்கத்துல ஒக்காந்திருக்குது. அதுக்கும் மொதத் தடவையாமா. அழுதுது. நான்தான் தைரியஞ் சொன்னேன்" என்றாள்.

கோலாலம்பூர் – ஆக்லாந்து 8,720 கி.மீ. பத்து மணி இருபது நிமிஷ ரன்னிங் டைம். மணிக்கு எண்ணூற்று நாற்பத்துச் சொச்சம். எங்கள் வண்டிகளுக்கு இந்த வேகம் கொடுத்தால் பழனிக்கு இரண்டரை நிமிஷம். டிக்கெட் போடக் கண்டக்டருக்கு நேரம் போதாது.

ரயிலில் ஊர் திரும்பி டியூட்டியில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு மெசேஜ்: "மூணு மணி நேரம் லேட்டுங்க."

பதினொன்று ஐம்பதோடு மூன்று மணி நேரம் கூட்டினால் இரண்டு ஐம்பது. ஐந்து மணிக் கையெழுத்துக்கு இரண்டு மணி பத்து நிமிஷம்தான். அதற்குள் இறங்கி, பெட்டி எடுத்து, டாக்சி பிடித்து… என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். மைக்கை எடுத்தேன்.

"பயணிகள் கவனத்திற்கு. கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்து செல்லும் கலாமணி டீச்சர் அவர்கள் மூன்று மணி நேரம் தாமதமாகச் செல்கிறார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒரு மாட்டு வியாபாரி ஜன்னலில் தலையை விட்டார். "ஏனுங்க, அது ஒட்டஞ்சத்திரம் நிக்குமுங்களா?"

"நிக்காதுங்க. பாயிண்ட் டு பாயிண்ட்."

"பின்ன எதுக்குங்க இந்தப் பக்கம் விட்டாங்க?" என்று சலித்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 7, வெள்ளி

அவர்களுடைய மாலை ஐந்து என்பது நமக்குக் காலை ஒன்பதரை.

ஏழு இருபது: இறங்கியிருக்க வேண்டும்.

ஏழு ஐம்பது: போன் இல்லை. ஈரோடு வண்டிக்குக் கரூர் என்று அறிவித்துவிட்டேன். நாலு பேர் கரூருக்கு ஏறிவிட்டு இறங்கினார்கள்.

எட்டு இருபது: மச்சான் சென்னியப்பன் வந்தார். மண்டிக்குப் போகவில்லையா என்றால், "அந்தப் பக்கமா வந்தேன்" என்கிறார். மண்டி ஊரின் அந்தக் கோடியில்.

எட்டு நாற்பத்தைந்து: போன்.

"எலுமிச்சம்பழம் வெக்கச் சொல்லி உங்கள ஆருங்க கேட்டாங்க?"

அந்த ஊரில் வெளியூர்ப் பழம், மண், விதை எதுவும் உள்ளே வரக்கூடாதாம். ஒரு குட்டி நாய் வந்து இவள் கைப்பையை மோந்து பார்த்து, பக்கத்தில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டதாம். அதிகாரி எலுமிச்சம்பழத்தை வெடிகுண்டு மாதிரி இரண்டு விரலில் எடுத்திருக்கிறார். பெரிய பையில் இருந்த நிஜக் குண்டை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"என்ன சொன்னே?"

"மை ஹஸ்பெண்ட், நாட் மீ, அப்பிடின்னேன்."

"காட்டிக் குடுத்துட்டயே அம்மிணி."

"அந்தாளு சிரிச்சுப்போட்டு எழுதி வாங்கிட்டு உட்டுட்டாரு. அப்பறம் ஷூவக் கேட்டாரு. அடியில நம்மூரு செம்மண்ணு. அவரே பிரஸ்சு போட்டுக் கழுவித் தந்தாருங்க. சரி, டாக்சி வந்துருச்சு, வெக்கறேன்."

தாராபுரம் மண்ணை ஒரு வெள்ளைக்காரர் குனிந்து கழுவியிருக்கிறார். இதை மைக்கில் சொல்லலாமா என்று யோசித்து, எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டுச் சொன்னேன்.

ஒன்பது இருபத்திரண்டு: "கையெழுத்துப் போட்டாச்சு. நம்பர் 614."

எட்டு நிமிஷம் மிச்சம்! இருபத்தாறு வருஷத்தில் நான் அனுப்பிய வண்டிகளிலேயே இது ஒன்றுதான் முன்கூட்டிப் போய்ச் சேர்ந்தது. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேர்க்குதுங்க மாப்ள" என்றார். நானும் வேர்த்தேன், கண்ணோரமாக.

பிப்ரவரி 8, சனி

9.47 மீட்டர். பதினோரு பேரில் மூன்றாமிடம். வெண்கலம். வெண்கலம். வெண்கலம்.

மூன்று தடவை எழுதியது கை தவறி அல்ல.

நம்முடைய காலை ஆறரைக்கு அங்கே போட்டி தொடங்கியது. ஏழேகாலுக்குப் பேசினாள். முதல் எறி கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததால் செல்லாது. இரண்டாவது எட்டு தொண்ணூறு.

"அவிய எல்லாம் அத்தன ஒசரம். ஒருத்தி என்னைய விட ரெண்டு மொழம் எச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் நம்ம பஸ் ஸ்டாண்டுல அந்தப் புள்ளைங்க குதிச்சதுகளே, அத நெனச்சுக்கிட்டேன். கண்ண மூடிட்டு எறிஞ்சேன்."

மைக்கில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கிளை மேலாளர் விளக்கம் கேட்டு மெமோ எழுதியிருப்பதாகக் கேள்வி. அதன் அடியில் "வாழ்த்துகள்" என்றும் எழுதியிருக்கிறாராம். மச்சான் பஸ் நிலையம் முழுக்க லட்டுக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே வாய் சும்மா இருக்கவில்லை.

"பன்னண்டாயிரம் கிலோமீட்டரு போயி பத்து மீட்டரு கூட எறியலீங்களே மாப்ள?"

"நீங்க உங்க மண்டியில ஒரு தேங்காய எறிஞ்சு காட்டுங்க மச்சான், பாப்போம்."

மண்டியில் எறிந்து பார்த்தாராம். அது கணக்குப்பிள்ளை காலில் விழுந்ததாக ஊரில் பேச்சு.

பிப்ரவரி 11, செவ்வாய்

கேன்டீன் சாப்பாடு. சாம்பாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதில் எதுவும் இல்லாததால்.

பிப்ரவரி 13, வியாழன்

திரும்பக் கிளம்பிவிட்டாள். மேற்கே வந்தால் போகும்போது பிடித்துக்கொண்ட ஏழரை மணி நேரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நாணயமான ஆட்கள்.

கோலாலம்பூரில் வண்டி மாறும்போது வழி தெரியாமல் நின்ற மூன்று பேரை இவள்தான் கூட்டிப்போய்ச் சரியான வாசலில் விட்டாளாம். "அம்பப் பாத்துப் போனா ஆச்சு. அதுக்கெதுக்குங்க பயம்?" என்கிறாள்.

பிப்ரவரி 15, சனி

இன்று பஸ் நிலையத்தில் பாராட்டு. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று விசில் ஊதினார்கள். கலாமணி பதக்கத்தோடு ஈரோடு வண்டியிலிருந்து இறங்கினாள். வண்டி ஆறு நிமிஷம் தாமதம், யாரும் கேட்கவில்லை. பதக்கத்தைக் கழற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாள். அது கரூர் வண்டி டிரைவர் கழுத்து வரைக்கும் போய்த் திரும்பியது.

மைக் என் கையில். முழுக் கதையும் சொன்னேன். பன்னிரண்டு நாற்பது எந்த நாளைச் சேர்ந்தது என்று தெரியாத மடையன் நான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டேன். பெருத்த கைதட்டல். அந்த மடையனே எப்படித் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, அசையாமல் நின்று, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற மனைவியின் பெருந்தன்மையைக்கூடப் பொருட்படுத்தாமல் அனுப்பிவைத்தான் என்றும் சொன்னேன். இதற்குக் கைதட்டல் சுமார்தான்.

கலாமணி பேச மாட்டேன் என்றாள். வற்புறுத்தியதும் மைக்கை வாங்கி, "இவரு போர்டுல எழுதலைன்னா நான் போயிருக்க மாட்டேனுங்க" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று மச்சான் என் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டார். என் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கும் அளவுக்கு விம்மியது. இந்த ஊரில் இன்று என்னைவிடப் பெருமைக்காரன் எவனும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கலாமணி அசந்து தூங்குகிறாள். அவள் உடம்பு இன்னும் பாதி ஆக்லாந்தில் இருக்கிறது. காலைப் பயிற்சிக்கு வைத்திருந்த அலாரம் அவள் போனில் அடித்தது. எழுந்துவிடப் போகிறாளே என்று ஓடிப்போய் நிறுத்தினேன். திரையில் அவள் வைத்திருக்கும் அலாரமெல்லாம் வரிசையாக வந்தன. ஐந்து மணி, மைதானம். எட்டு நாற்பது, பள்ளிப் பிரார்த்தனை. அதற்குக் கீழே ஒன்று: பிப்ரவரி 3, திங்கள், மாலை 6.00, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும்.

அதை மட்டும் அடிப்பதற்கு முன்பே அணைத்து வைத்திருந்தாள்.